கண்மாய்க்குள் தெரிந்த பச்சை

மதுரை மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான வரைபடப் பயிற்சி அது. திரையில் செயற்கைக்கோள் படம். ஓர் ஆசிரியை தன் ஊர்க் கண்மாயைக் கண்டுபிடித்துவிட்டு, "பரவாயில்லையே சார், நல்லா செழிப்பா இருக்கே" என்றார். மறுநாள் கரையேறிப் பார்த்தோம். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் நுழைய முடியாத முள்காடு. அந்த ஆசிரியை வெகுநேரம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து என் பயிற்சிகள் எல்லாமே இந்தப் படத்தில்தான் தொடங்குகின்றன.

முன்பெல்லாம் மென்பொருளில்தான் தொடங்குவேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவுவது, அடுக்குகளைச் சேர்ப்பது, வண்ணம் கொடுப்பது என்று இரண்டு நாள் ஓடும். ஆசிரியர்கள் ஒன்று விடாமல் குறிப்பெடுப்பார்கள். சில மாதம் கழித்து விசாரித்தால் ஒருவர்கூட வகுப்பில் பயன்படுத்தியிருக்க மாட்டார். குறை அவர்களிடம் இல்லை. தேர்வு, பதிவேடு, தேர்தல் பணி என்று நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு, எதற்கென்று தெரியாத ஒரு கருவியை நான் கொடுத்திருந்தேன்.

இப்போது முதல் ஒரு மணி நேரம் கணினியைத் திறப்பதே இல்லை. ஒரு தாளும் பென்சிலும்தான். "உங்கள் பள்ளிக்கூரையில் விழும் மழை எங்கே போகிறது? வரையுங்கள்" என்பேன். பெரும்பாலான கோடுகள் பள்ளி வாசலோடு நின்றுவிடும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் அந்தச் சங்கிலி, ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே மறந்துகொண்டிருக்கிறது. கோடு நின்ற இடத்திலிருந்து கணினியில் தொடர்வோம்.

அதற்குக் கூகுள் எர்த் ப்ரோ போதும், இலவசம்தான். அதில் கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் அருகருகே வைத்து "ஏரி காணாமல் போய்விட்டது" என்று சொல்லிவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றுவது கண்மாயின் இயல்பு. ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். தேதியைப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வந்துவிட்டாலே பாதி அறிவியல் வந்துவிட்டது என்பேன்.

அடுத்தது அளவு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அதில் முள்காட்டின் பரப்பு தெரியும். தண்ணீர் திறந்துவிடும் ஒரு மடையோ, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாடோ தெரியாது. நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ்கூட வெட்டவெளியிலேயே 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். எல்லைத் தகராறுக்கு அதை ஆதாரமாகக் கொண்டு போகாதீர்கள் என்று ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் விடாமல் சொல்வேன். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் பதிந்திருக்கக்கூடும். பொதுவில் போடும் வரைபடத்தில் பிள்ளைகளின் வீடு, முகம், பெயர் எதுவும் இருக்கக் கூடாது. மடை, உபரிநீர் வழியும் கலுங்கு, கால்வாய், மரம் இவை போதும்.

சரி, கணினியே இல்லாத பள்ளி என்ன செய்வது? இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் எடுத்து அச்சடித்தால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரத்துக் கால்வாய் வழியே ஒரு சனிக்கிழமை காலை நடந்தால், ஒரு பருவத்துக்கான பாடம் கிடைத்துவிடும்.

அந்தக் கருவேலக் கண்மாய்க்கு ஆசிரியை பிறகு தன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் இவர்களைப் பார்த்து, முன்பு ஊருக்கு நீர் பாய்ச்சியவர் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். எந்த வரைபடத்திலும் இல்லாத மூன்று மடைகளை, ஒவ்வொன்றையும் அதனதன் பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறார். இரண்டு மண்மூடிக் கிடந்தன. பிள்ளைகள் மூன்றையும் புள்ளி வைத்துப் பெயர் எழுதி, அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த பயிற்சியில் திரையில் முதலில் வரப்போவது அதுதான்.