குடிமக்கள் அறிவியலா, மக்கள் அறிவியலா?

ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைக்குன்று ஒன்றுக்குப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். தன்னார்வலர் எல்லோர் கழுத்திலும் 'குடிமக்கள் விஞ்ஞானி' என்ற அட்டை. ஆடு ஓட்டி வந்த பெரியவர் அதைக் கையில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "குடிமக்களா? எந்த ஊருக்குத் தம்பி?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. சவரம், சலவை, தச்சு என்று ஊருக்குத் தொழில் செய்து களத்தில் தானியம் பெற்றவர்களைத்தான் அவர் தலைமுறை குடிமக்கள் என்றது. அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. அட்டை அச்சிட்டவர்கள் அகராதியைப் புரட்டவில்லை.

விஞ்ஞானிகள் அல்லாதவர்கள் அறிவியலுக்குத் தகவல் திரட்டித் தரும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'சிட்டிசன் சயன்ஸ்' என்று பெயர்; அதைத்தான் குடிமக்கள் அறிவியல் என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தப் பெயர் 1990களில் பரவியது. வேலை அதைவிடப் பழையது. கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக அவற்றை எண்ணலாம் என்று 1900இல் அமெரிக்காவில் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் அழைத்தார்; அந்த ஆண்டு 27 பேர் எண்ணினார்கள்.

இந்தப் பெயரில் 'சிட்டிசன்' என்றால் அறிவியலைப் பிழைப்பாகக் கொள்ளாத எவரும் என்று பொருள். குடிமகன் என்றாலோ வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவற்றை யாரும் கேட்பதில்லை. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளையும் குரல் கேட்ட பறவைகளையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஓசூரில் வேலை பார்க்கும் நேபாளத்துக்காரரும் செய்யலாம். அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது பறவைக்கு எதற்கு?

இதைவிட மோசமான ஒன்று இப்போது புறப்பட்டிருக்கிறது. 'சிட்டிசன்' யாரையோ விலக்குகிறது என்று அமெரிக்காவிலேயே ஆடுபான் போன்ற பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் 'கம்யூனிட்டி சயன்ஸ்' என்று மாற்றிக்கொண்டன. நம் மொழிபெயர்ப்பாளர்கள் உடனே 'சமூக அறிவியல்' என்று எழுதுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வரலாறும் புவியியலும் குடிமையியலும். தமிழில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல்லின் தலையில் இன்னொரு பொருளை ஏற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து, அது குறிக்கும் வேலையைப் பார்க்காமல் எழுதுவதால் வரும் கோளாறு இது.

மக்கள் அறிவியல் என்பதே பொருத்தம். தமிழில் எழுதும் பறவை ஆர்வலர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மக்களிடம் அறிவியலைக் கொண்டுசேர்க்கும் இயக்கங்களும் அதே பெயரைப் பயன்படுத்துவதால் குழப்பம் வரும் என்பார்கள். எனக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை. இடம் பார்த்துப் பொருள் விளங்கும். ஆளைக் குறிக்க விஞ்ஞானியும் வேண்டாம். கணக்கெடுப்பாளர் போதும்.

அன்று பாறையிடுக்குப் புதரிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. பெரியவர் கோலை நீட்டிக் காட்டினார். மஞ்சள்தொண்டைச் சின்னான், தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இரண்டு என்று குறித்துக்கொண்டோம். அவர் கழுத்தில் அட்டை இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 'மக்கள் அறிவியல்' என்று அச்சிடும்படி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.