‘தொட்டாலே கடிக்க வருது, டாக்டர்’

டாஃபியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. நான்கு வயது ஷிட்ஸு, 6 கிலோ. மகன் வேலைக்காகப் பெங்களூரு போனபோது விட்டுவிட்டுப் போன நாய். “தொட்டாலே கடிக்க வருது, டாக்டர். ரெண்டு இடத்துல முடி வெட்ட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு மயக்க ஊசி போட்டு மொட்டையடிச்சு விட்டுடுங்க” என்றார்.

“மேஜை மேல வேண்டாம்மா, கீழே விடுங்க. கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு நடக்கட்டும்” என்றேன்.

பத்து நிமிடம் நான் டாஃபி பக்கமே போகவில்லை. தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறையை மோந்து பார்த்தபடி சுற்றினாள். நான்கு எட்டு வைப்பதற்குள் தலையை ஒருமுறை உதறினாள். உதறும்போதெல்லாம் தலை வலப்பக்கம் சாய்ந்தது. இடது முன்னங்காலை மட்டும் பூப்போல வைத்து எடுத்தாள்.

பிறகு மெதுவாகப் பரிசோதித்தேன். வலது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவுக்குச் சடை. காதுக்குள் பழுப்பு நிற அழுக்கு, புளித்த வாடை. தரையைத் தொடாமல் காலின் உள்பக்கம் ஐந்தாவதாக ஒரு நகம் இருக்குமே, இடது முன்னங்காலில் அது வளையமாக வளர்ந்து பாதத்துச் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. முடி மூடியிருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவளைச் சீவ வந்த ஒவ்வொரு கையும் அந்தக் காதைத்தான் இழுத்திருக்கிறது. நகம் வெட்ட வந்த ஒவ்வொரு கையும் அந்தக் காலைத்தான் பிடித்திருக்கிறது.

அன்று அவளுக்கு முடி வெட்டவில்லை. காதுக்கு மருந்து, வலிக்கு மருந்து, மரத்துப்போக ஊசி போட்டு அந்த ஒரு நகத்தை எடுத்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு ஏமாற்றம். முகத்தில் தெரிந்தது.

‘கடிக்கிற குட்டி நாய்’ என்று கொண்டுவரப்படும் நாய்களில் நான் முதலில் தேடுவது வலியை. கோபத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். காதில் சீழ் இருந்தால் தலையைத் தொட விடாது. சின்ன இன நாய்களுக்குப் பல்லில் காரை படிந்து ஈறு வீங்குவது மிகச் சாதாரணம். அப்போது முகத்து முடியை வெட்டப் போனால் கடிக்கும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றுக்கு முழங்கால் சில்லு இடம் விலகும் தொந்தரவு உண்டு. பின்னங்காலைப் பக்கவாட்டில் இழுத்துத் தூக்கினால் உயிர் போகிற வலி. ஆகவே சீப்பையும் கத்தரியையும் எடுப்பதற்கு முன், ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காது, பல், முழங்கால், தோல், நகம் இவற்றைக் காட்டிவிடுங்கள். வீட்டில் மீந்துபோன காது மருந்தை ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உள்ளே போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

இரண்டாவது, பிடிக்கிற விதம். சின்ன நாய்தானே என்று பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஷிட்ஸு, பக், லாசா போன்ற தட்டை மூஞ்சி நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. கழுத்துத் தோலை இறுக்கிப் பின்னுக்கு இழுத்தால் விழி வெளியே பிதுங்கி வந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவசர அறுவை சிகிச்சை வரை போகும் விஷயம் அது. பொமரேனியன் வகைகளுக்கு மூச்சுக்குழாய் வலுவற்றது. கழுத்துப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டாற்போல் நிறுத்தி முடி வெட்டினால் மூச்சுக்குழாய் நசுங்கும். வாத்து கத்துவதுபோல ஓர் இருமல் கேட்கும். கட்டியே ஆக வேண்டுமென்றால் நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் போதும்.

நானும் தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸுக்கு நகம் வெட்ட மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம். கறுப்பு நகம், உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. மூன்றாவது நகத்தில் ரத்தம் வந்தது. அத்தோடு விட்டிருக்க வேண்டும். ‘பிடித்தது பிடித்தாயிற்று, முடித்துவிடலாம்’ என்று மிச்சத்தையும் வெட்டினேன். அதன் பிறகு அந்த நாய் உயிரோடு இருந்தவரை எங்கள் வாசற்படியைத் தானாக ஏறியதில்லை. தெருமுனை திரும்பும்போதே நடுங்க ஆரம்பித்துவிடும் என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் மேஜையில் சிறுநீர் கழித்துவிடும். நான் இன்று ஒரே மூச்சில் எதையும் முடிக்காததற்கு அந்த ஸ்பிட்ஸ்தான் காரணம்.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. நமக்குத்தான் திடீரென்று தெரிகிறது. சீப்பைக் கண்டதும் நாக்கால் உதட்டை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். தலையைத் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணில் வெள்ளை விழி தெரிய உங்கள் கையையே பார்க்கும். பிறகு அப்படியே உறைந்து நிற்கும். ‘இப்போ சமர்த்தா நிக்குது’ என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். அடுத்தது உறுமல். உறுமினால் அதட்டாதீர்கள், தயவுசெய்து. அதட்டி அதட்டி உறுமலை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் பல் படும்.

சரி, என்ன செய்வது? டாஃபி வீட்டில் செய்யச் சொன்னதையே சொல்கிறேன்.

முதல் வாரம் சீப்பும் இல்லை, நகவெட்டியும் இல்லை. தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம், அவள் சாப்பாட்டுக்கு முன்பு. தரையில் ஒரு ரப்பர் விரிப்பு. வழுக்கும் டைல்ஸ் மேல் நிறுத்தினாலே பாதி நாய்களுக்குப் பதற்றம் வந்துவிடும். பழைய கோணிச்சாக்கை மடித்துப் போட்டாலும் போதும். முதுகைத் தொட வேண்டும், உடனே உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு சிட்டிகை. தோளைத் தொட வேண்டும், கோழி. தொட்ட பிறகுதான் தீனி. இந்த வரிசை மாறவே கூடாது. தீனியைக் காட்டி மயக்கிவிட்டுத் தொட்டால், நாளடைவில் தீனியைப் பார்த்தாலே ‘ஏதோ செய்யப் போகிறார்கள்’ என்று ஓடும்.

இரண்டாம் வாரம் தாடைப் பழக்கம். மடித்த துண்டின் மேல் அவளாகத் தாடையை வைத்தால் கோழி. தாடை துண்டின் மேல் இருக்கும்வரை நாம் தொடலாம், தாடையைத் தூக்கினால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். பிரிட்டனில் பணிபுரியும் நாய்ப் பயிற்சியாளர் சிராக் படேல் இதையே ஒரு சின்ன வாளியை வைத்துச் செய்யச் சொல்கிறார்: வாளியில் தீனி இருக்கும், நாய் வாளியைப் பார்க்கும்வரை நாம் வேலை செய்யலாம், பார்வையை விலக்கினால் நிறுத்த வேண்டும். ‘போதும்’ என்று சொல்ல நாய்க்கு ஒரு வழி கிடைத்துவிட்டால் அது பல்லைப் பயன்படுத்த வேண்டியதில்லை. “அது சொல்றபடியெல்லாம் நாம கேக்கணுமா?” என்று அந்த அம்மா கேட்டார். “ரெண்டு வாரம் கேட்டுப் பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க” என்றேன். பத்தாம் நாள் போன் செய்தார். டாஃபி தானே வந்து துண்டின் மேல் தாடையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

நகவெட்டியைப் பார்த்தாலே ஓடும் நாய்க்கு முதலில் அதன் சத்தம் பழக வேண்டும். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, நாயின் பக்கத்தில் உட்கார்ந்து நகவெட்டியால் டக்கென்று ஒரு துண்டு வெட்டுங்கள். உடனே தீனி. பத்து ஈர்க்குச்சி செலவானபின் ஒரு நகம். ஒன்றே ஒன்று. பெரும்பாலான நாய்களுக்கு மொத்தம் 18 நகங்கள், முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு. நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று வாரத்துக்குள் சுற்று முடிந்துவிடும். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவியெடுங்கள். கறுப்பு நகமென்றால் வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடுத்தது ரத்தக்குழாய். ரத்தம் வந்துவிட்டால் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் மக்காச்சோள மாவை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காலைத் தூக்கும்போது உடம்புக்கு அடியிலேயே, அது நடக்கும் திசையில் மடக்கித் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுக்க வேண்டாம்.

முடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ஷிட்ஸு, லாசா, மால்டீஸ் இவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். மேலாகச் சீவினால் பளபளவென்று இருக்கும், அடியில் கம்பளியாகத் திரிந்திருக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, ஹார்னஸ் உரசும் இடம், இங்கெல்லாம்தான் சடை பிடிக்கும். சடை என்றால் அழகுக் குறைவு என்று நினைக்கிறோம். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் யாரோ தோலைக் கிள்ளுவது போன்றது அது. அடியில் உண்ணி ஒளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காயாமல் புண்ணாகி, ஈ உட்கார்ந்து புழு வைத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

சடையோடு குளிப்பாட்டாதீர்கள், நனைந்து காயும்போது இன்னும் இறுகிவிடும். கத்தரியால் வெட்டவே வெட்டாதீர்கள். நாயின் தோல் தளர்வானது. சடையை இழுத்தால் தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும், முடியென்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் காது ஓரத்தில் தையல் போட வரும் நாய்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். சின்னச் சிக்கு என்றால் தோலை ஒட்டி முடியின் வேரை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். இழுவை உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. பெரிய சடையென்றால் மெஷின்தான். அந்த பிளேடும் ஓட ஓடச் சுடும். உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தொட விடாத நாய்க்கு நீள முடி வேண்டாம் என்பது என் கருத்து. ஷிட்ஸுவுக்கு ஒரு அங்குலத்துக்குக் குட்டையாக வெட்டிவிட்டால் தினசரிப் போராட்டத்தில் பாதி குறையும். ஆனால் பொமரேனியனுக்கும், நம் ஊரில் பொமரேனியன் என்றே அழைக்கப்படும் ஸ்பிட்ஸுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு மேல்முடி, அடிமுடி என்று இரட்டை முடி. ‘வெயில் காலமாச்சே’ என்று சித்திரையில் மொட்டையடித்தால் தோலில் நேராக வெயில் படும். சில நாய்களுக்கு முடி ஒழுங்காகத் திரும்ப முளைக்காமலே போய்விடும். உதிரும் அடிமுடியைச் சீவி எடுத்தாலே அவற்றுக்குக் காற்றோட்டம் கிடைத்துவிடும்.

குளியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நீர், முதுகிலிருந்து ஆரம்பித்து. முகத்துக்கு ஈரத் துணி மட்டும். குழந்தைகளுக்கான ஷாம்பு வேண்டாம், நாயின் தோல் நம் தோலைவிடக் காரத்தன்மை கூடியது. ட்ரையர் சத்தத்துக்குப் பயந்தால், பழைய சாக்ஸில் பாதம் நுழையும் பகுதியை வெட்டியெறிந்துவிட்டு மிச்சக் குழாயைத் தலையில் மாட்டிக் காதுகளை மூடுங்கள். மூக்கும் கண்ணும் வெளியே இருக்க வேண்டும். சூடான காற்று வேண்டாம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தட்டை மூஞ்சி நாய்க்கு அதுவும் சிரமம். நாக்கு நீலமோ ஊதாவோ ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்து உடம்பை நனைத்து, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதே காரணத்தால் வாயை இறுக்கிக் கட்டும் துணி மசிலை ஒரு நிமிட வேலைக்கு மேல் போடக் கூடாது. கூடை வடிவ மசில் நல்லது, அதையும் தீனி கொடுத்துப் பழக்கிய பிறகே.

மயக்க ஊசி வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. உடம்பு முழுக்கச் சடை பிடித்து வந்த நாயை விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரம் அமுக்கி வெட்டுவதுதான் கொடுமை. ரத்தப் பரிசோதனை செய்து, வெறும் வயிற்றில், மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனித்தபடி ஒரே ஒருமுறை மயக்கத்தில் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து பழக்கத்தை ஆரம்பிப்பதே சரி. பயத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான சில சிரப்புகளிலும், சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சில தின்பண்டங்களிலும் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

கடித்துவிட்டால், வீட்டு நாயே ஆனாலும், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

டாஃபி போன வாரம் வந்திருந்தாள். மடித்த துண்டை அந்த அம்மாவே பையில் கொண்டுவந்திருந்தார். தரையில் விரித்ததும் தாடையை வைத்தாள். வலது காதை விரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, அவளும் அசையவில்லை. மூன்று கால்களில் நகம் வெட்டினோம். இடது முன்னங்காலைத் தொட்டதும் தாடையைத் தூக்கிவிட்டாள். கையை எடுத்துவிட்டேன். “அந்தக் கால் அடுத்த வாரம் பாத்துக்கலாம், டாக்டர்” என்று அந்த அம்மாவே சொல்லித் துண்டை மடித்தார்.