சேலஞ்ச் ஓட்டு, டெண்டர் ஓட்டு: அந்த ஃபார்வர்டில் எது உண்மை?

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வந்துவிடும் செய்தி இது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி, பிரிவு 49ஏ-இன் கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு. 2019-லும் சுற்றியது, 2024-லும் சுற்றியது. மூன்றில் நடுவில் இருப்பது மட்டும்தான் உண்மை, அதுவும் அரைகுறை.

49ஏ என்பது 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் ஒன்று. வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. ‘சேலஞ்ச்’ விதியில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நேர்மாறாக. ஓட்டுப் போட வந்தவர் அந்த ஆள்தானா என்று பூத் ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தால், 2 ரூபாய் கட்டி, வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

டெண்டர் ஓட்டுக்கான விதி 49பி (49P), சினிமா புண்ணியத்தில் நம் ஊரில் பலருக்கும் தெரிந்தது. நீங்கள் போவதற்குள் உங்கள் பெயரில் ஓட்டுப் பதிவாகியிருந்தால், தலைமை அலுவலர் அடையாளம் பற்றிக் கேள்வி கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால், 17பி படிவத்தில் பெயரை எழுதச் சொல்லி ஒரு வாக்குச்சீட்டைத் தருவார். இயந்திரத்தில் பட்டனை அழுத்த விடமாட்டார்கள். அந்தச் சீட்டு தனி உறைக்குள் போகும். வாக்கு எண்ணும் நாளில் அதை எண்ணுவதில்லை; பின்னால் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு வேலை. ஃபார்வர்டில் இதைச் சொல்வதே இல்லை. 14 சதவீதக் கணக்கோ எந்த விதியிலும் கிடையாது.

தலைவர் ஒருவரின் பேச்சை வெட்டி ஒட்டிய வீடியோ வந்தால், அவர் கட்சிக்காரர்களே அன்றைக்கே மறுப்புப் போடுவார்கள். இதுபோன்ற ‘பொதுநலத் தகவல்’ எந்தக் கட்சியையும் சீண்டாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் இதுதான் கூடுதல் ஆபத்து. நம்பி பூத்துக்குப் போகிறவர் ஓட்டுப் போடாமல் திரும்ப வேண்டியதுதான்.

எந்தச் சட்டம் என்று சொல்லாமல் வெறும் பிரிவு எண், தேதி இல்லாத அறிவிப்பு, ‘அனைவருக்கும் பகிரவும்’ என்ற வேண்டுகோள் இருந்தால் சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த செய்தி. பாதி சரியாக இருப்பதையும் நம்பிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் வந்த போலித் தேர்தல் அட்டவணையில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 என்று இருந்தது. தேர்தல் ஆணையம் அதைப் பொய் என்றது. பிறகு வந்த உண்மையான அட்டவணையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்ததும் அதே ஏப்ரல் 19தான்! ஆனால் வாக்கு எண்ணிக்கை போலியில் சொன்னதுபோல மே 22 அன்று இல்லை, ஜூன் 4.

சரி, புகார் எங்கே செய்வது? பலரும் சொல்வது, தேர்தல் விதிமீறல் புகாருக்கான ஆணையத்தின் சி-விஜில் செயலியை. ஆனால் அதில் அங்கேயே எடுக்கிற படமும் வீடியோவும்தான் போகும்; கேலரியில் இருப்பதை ஏற்ற முடியாது. பணப் பட்டுவாடாவுக்குச் சரி, ஃபார்வர்டுக்கு உதவாது. அதற்கு, ஸ்கிரீன்ஷாட்டுடன் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது பெரும்பாலான மாவட்டங்களில் கலெக்டருக்கு எழுதலாம். அந்தந்தத் தளத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். கட்சிகளின் கணக்கில் வந்த போலி என்றால், கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், 1950-க்கு அழைத்தும் கேட்கலாம். செல்போனில் இருந்து அழைத்தால் மாவட்ட எஸ்டிடி எண்ணையும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.