ஜீவனாம்சம், போட்கி, பேணுதொகை

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, பையனுக்கு அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. போட்கி அதோட நின்னுபோகுமா?"

அக்காவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிரிந்துபோன அப்பா பிள்ளைக்கு மாதாமாதம் தரவேண்டிய தொகையை, ஊரில் இருந்திருந்தால் 'ஜீவனாம்சம்' என்றிருப்பார். மும்பையில் வழக்கு போட்டவர் வாயில் மராத்திச் சொல்தான் ஒட்டிக்கொள்ளும். இந்தி பேசுபவர்கள் நடுவில் அதுவே 'கர்ச்சா' ஆகிவிடும், அதாவது வெறும் செலவு. அக்காவின் கேள்வி என்னவோ வயதைப் பற்றியது. ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அதற்கு ஒவ்வொரு பதிலைச் சொல்வதுபோல எனக்குப் பட்டது.

முதலில் ஜீவனாம்சம். ஜீவனம், அம்சம் இரண்டும் வடசொல். பிழைப்புக்கான பங்கு என்று பொருள். கன்னடத்திலும் 'ஜீவனாம்ஷ' என்றே சொல்கிறார்கள். தமிழில் அம்சம் பங்கை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டது. திட்டத்தின் சிறப்பு அம்சம் என்கிறோம், 'பொண்ணு அம்சமா இருக்கா' என்கிறோம். ஜீவனாம்சத்தில் மட்டும் பழைய பங்குப் பொருள் தங்கியிருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மனைவிக்குத் தருவதும் பிள்ளைக்குத் தருவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் மனைவி மறுமணம் செய்துகொண்டால் பிள்ளையின் தொகையும் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. அது பிள்ளையின் உரிமை, தனிக் கணக்கு.

போட்கி எனக்குப் பிடித்த சொல். மராத்தியில் 'போட்' என்றால் வயிறு. நம்முடைய வயிற்றுப்பாடுதான். நேரடியான சொல், மழுப்பலே கிடையாது. ஆனால் சட்டம் வயிற்றோடு நிற்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் எல்லாவற்றையும் இதில் சேர்க்கிறது. மணமாகாத மகள் என்றால் நியாயமான திருமணச் செலவும் உண்டு.

சரி, எப்போது முடியும்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகிவிட்டது. எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மைனர் பிள்ளைக்குத் தொகை உண்டு. மேஜர் ஆனால் முடிந்தது. உடல், மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ பிழைக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் 18க்குப் பிறகும் தொடரும், அந்தப் பிள்ளை மணமான மகளாக இல்லாதவரை. (மைனர் என்றதும் நம்மவர்களுக்குக் கழுத்துச் செயினும் ஜிப்பாவும்தான் நினைவுக்கு வரும். சட்டத் தமிழில் அவர் 'இளவர்'.)

மகளுக்குக் கணக்கே வேறு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(3) பிரிவுப்படி, சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத மணமாகாத மகளைப் பேணும் கடமை 18 வயதைத் தாண்டியும் பெற்றோருக்கு உண்டு. 2020இல் உச்ச நீதிமன்றம் அபிலாஷா வழக்கில் இதைத் தெளிவாக்கியது. 125ஆவது பிரிவில் கேட்டால் கிடைக்காது, 20(3)இல் கேட்டால் கிடைக்கும். ஒரே அப்பா, ஒரே மகள். எந்தப் பிரிவைக் காட்டி மனு போடுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். முஸ்லிம் தந்தையின் பொறுப்பு பிள்ளையின் இரண்டு வயதோடு முடிந்துவிடாது, 125இன் கீழ் பிள்ளைகளுக்கும் தொகை உண்டு என்று 1997இலேயே உச்ச நீதிமன்றம் நூர் சபா கத்தூன் வழக்கில் சொல்லிவிட்டது.

மகனுக்குத்தான் இழுபறி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் அவன் மேஜர் ஆகிறான். 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகனுக்கு 18 ஆனதோடு தந்தையின் பொறுப்பு தீராது, முழுப் பாரத்தையும் தாய் தலையில் கட்ட முடியாது என்றது. மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்குத் தொகை தரச் சொன்னது. இது சட்டத்தில் எழுதிவைத்த விதி அல்ல. வழக்குக்கு வழக்கு மாறும். பேசித் தீர்த்துப் பிரிகிறவர்கள் 'கன்சென்ட் டெர்ம்ஸ்' (இருவரும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகள்) எழுதும்போதே 'படிப்பு முடியும்வரை' என்று சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனித் தமிழ்ச் சொல். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்கிறாள் புறநானூற்றுத் தாய் (312). பெற்று வளர்ப்பது அவள் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன். அங்கே சான்றோன் என்றால் வீரன் என்று பொருள்கொள்வாரும் உண்டு. இருக்கட்டும். கல்லூரிக் கட்டணம் யாருடையது என்ற தகராறு அந்த இரண்டு வரிக்குள்ளேயே இருக்கிறது. 'புறந்தருதொகை' என்று சொல்லலாம்தான், ஆனால் பாந்த்ரா குடும்ப நீதிமன்ற வாசலில் ஒருவருக்கும் புரியாது.

'பராமரிப்புத் தொகை' பரவலாகப் புழங்குகிறது. பலர் அதைத் தூய தமிழ் என்றே நினைக்கிறார்கள். அதன் வேர் வடமொழிப் பராமர்சம். இந்தியில் 'பராமர்ஷ்' என்றால் ஆலோசனை! 'பொருளுதவி' எனக்கு உவப்பில்லை. கடமையை உதவி என்றால் கொடுப்பவர் கை மேலே போய்விடுகிறது. 'வளர்ப்புத் தொகை' என்றால் வளர்ப்பு மகன் நினைவு வந்து குழப்பும். 'பிழைப்பூதியம்' தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் அரசு ஊழியருக்குப் போய்விட்டது.

என் தேர்வு 'பேணுதொகை'. மனைவி கணவனைப் பேணுவதைத்தான் குறள் (56) சொல்கிறது. நீதிமன்றப் படி ஏறும்போது பேணவேண்டிய ஆள் மாறிவிடுகிறார், அவ்வளவுதான். இது வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. முக்காலமும் இதற்குள் மறைந்திருக்கும்: பேணிய தொகை, பேணுகின்ற தொகை, பேணும் தொகை.

அந்த இறந்தகாலம்தான் அக்காவுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது. பையனின் அப்பா ஏழு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. 18 ஆனாலும் அந்தப் பாக்கி அழியாது. தராவிட்டால் வாரண்ட் போட்டு வசூலிக்கலாம். மாதத்துக்கு ஒரு மாதம்வரை சிறையும் உண்டு, சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீராது. ஆனால் தவணை விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.

"எந்தெந்த மாசம் வரலைன்னு எழுதி வெச்சிருக்கீங்களாக்கா?" என்றேன். உள்ளே போய் மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஏழு தாளிலும் முதல் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.