ரெண்டரிங் கணினிக்கு எவ்வளவு ரேம் வேண்டும்?

வீட்டில் பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாண மாடல் செய்து, அதைப் படமாக்குபவர்கள் (இதுதான் ரெண்டரிங்) ரேம் வாங்கப் போனால், முதலில் கண்ணில் படுவது அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 5600, 6000 என்ற வேக எண்தான். ரெண்டரிங்குக்கு அந்த எண் மூன்றாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது கொள்ளளவு. அதற்கடுத்தது, அந்தக் கொள்ளளவை எத்தனை துண்டுகளாக வாங்குகிறோம் என்பது. வேகத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு 16 ஜிபியோடு திண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரு தேக்குப் பலகையின் டெக்ஸ்சரை, அதாவது மாடலின் மேல் ஒட்டும் படத்தை, எடுத்துக்கொள்வோம். அகலம் 4096 புள்ளிகள், உயரமும் அவ்வளவே. ஜேபெக் கோப்பாக வட்டில் இருக்கும்போது அது சில எம்பிதான். ஆனால் ரெண்டர் தொடங்கியதும் அந்தச் சுருக்கம் அவிழ்ந்துவிடுகிறது. மொத்தம் 1.67 கோடி புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று புள்ளிக்கு 4 பைட். ஆக 64 எம்பி. பலகை பலகையாகத் தெரிய நிறம் மட்டும் போதாது. சொரசொரப்புக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒரு படம் என்று நான்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 256 எம்பி ஆகிவிடும். அதையே 8கே அளவில், அதாவது அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கி வைத்தால் 1 ஜிபி. ஒரே ஒரு பலகைக்கு!

மாடலின் வடிவமும் இப்படித்தான் பெருகுகிறது. பரப்பை மழமழப்பாக்கும் சப்டிவிஷன், பரப்பை உருவாக்கும் சிறு தட்டைத் துண்டுகளான முகங்களை ஒவ்வொரு நிலையிலும் நான்கு மடங்காக்கும். 10,000 முகங்கள் உள்ள நாற்காலி மூன்றாம் நிலையில் 6.4 லட்சம் ஆகிறது. ஆறாம் நிலையில் 4 கோடியைத் தாண்டுகிறது. திரையில் ஒரு நிலை, ரெண்டரில் வேறு நிலை என்று வைக்க வசதி இருப்பதால், வேலை செய்யும்போது லேசாக இருந்த காட்சி ரெண்டர் பொத்தானை அழுத்தியதும் கனத்துவிடும்.

இவ்வளவையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருப்பது ஏன்? பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ், ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து சென்று நிறத்தைக் கணக்கிடுகிறது. கேமராவிலிருந்து கிளம்பும் கதிர் தரையில் பட்டு, சுவரில் தெறித்து, அலமாரிக்குப் பின்னாலும் போகலாம். அடுத்து எந்த முகம், எந்தப் படத்தின் எந்தப் புள்ளி தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் காட்சி முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கதிர் எதில் மோதுகிறது என்று விரைவாகக் கண்டுபிடிக்க, முகங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய ஒரு கட்டமைப்பையும் மென்பொருள் உருவாக்குகிறது. அதற்கும் இடம் வேண்டும்.

இடம் போதாவிட்டால் இயங்குதளம் ஒரு பகுதியை வட்டான எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிடும். ரேம் ஏறக்குறைய 100 நானோ வினாடியில் பதில் தரும். எஸ்எஸ்டிக்குப் பல பத்து மைக்ரோ வினாடிகள் ஆகும். நூற்றுக்கணக்கான மடங்கு தாமதம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்த சிபியூவின் வரைகோடு சரிந்து கிடக்கும்; வட்டு மட்டும் மூச்சுவிடாமல் ஓடும்.

இதற்கு முன்னால் வேக எண்ணின் வித்தியாசம் மிகச் சிறியது. ரேமின் பழைய தலைமுறை டிடிஆர்4, புதியது டிடிஆர்5; அட்டையில் உள்ள சிஎல் என்பது தரவு வரக் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை. சிஎல் 16 உள்ள டிடிஆர்4 3200, சிஎல் 30 உள்ள டிடிஆர்5 6000 இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள்: மேலே சொன்ன 100 நானோ வினாடியில் ஒரு பகுதியான இந்தக் காத்திருப்பு இரண்டிலும் 10 நானோ வினாடிதான். டிடிஆர்5 கூடுதலாகத் தருவது அகலமான பாதை. கதிர்களோ அங்குமிங்கும் சிதறிய சிறு சிறு தகவல்களைக் கேட்பவை; அந்த அகலத்தால் அவற்றுக்கு லாபம் குறைவு.

அந்தப் பாதையையும் அகலமாக்க வேண்டுமென்றால் மலிவான வழி, ஜோடியாக வாங்குவது. டிடிஆர்5 5600 ஒரு சேனலில் (ரேமுக்கும் சிபியூவுக்கும் இடையிலான பாதையில்) வினாடிக்கு 44.8 ஜிபி கடத்தும். இரண்டு சேனலில் 89.6 ஜிபி. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 ஆக வாங்குங்கள். 64 வேண்டுமென்றால் நான்கு 16 வேண்டாம், இரண்டு 32 வாங்குங்கள். நான்கு துண்டுகளைச் செருகினால் டிடிஆர்5இன் வேகம் குறைந்துவிடும்: ரைசன் 7000 வரிசை சிபியூக்களுக்கு ஏஎம்டி தரும் கணக்கு, இரண்டு துண்டுக்கு 5200, நான்குக்கு 3600. மதர்போர்டு டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது.

கற்றுக்கொள்ள 16 ஜிபி போதும். வீட்டு உள்ளலங்காரக் காட்சிகளுக்கு 32. அடர்ந்த செடிகொடிகள், புகை, நீர் என்று போனால் 64. ஆனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் காட்சியையே கேளுங்கள். இருப்பதிலேயே கனமான காட்சியை ரெண்டர் செய்து, உச்சத்தில் எவ்வளவு நினைவகம் எடுத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசரும் படத் திருத்த மென்பொருளும் திறந்திருக்கட்டும். சில நேரம் பிழை காட்சியிலேயே இருக்கும். 300 எம்பி எடுக்கும் ஒரு மரத்தை ஷிஃப்ட், டி அழுத்தி 200 முறை நகலெடுத்தால் 60 ஜிபி. ஆல்ட், டி அழுத்தினால் எல்லா மரங்களும் அந்த ஒரே 300 எம்பியைப் பகிர்ந்துகொள்ளும்.

ஜிபியூவில், அதாவது கிராஃபிக்ஸ் கார்டில், ரெண்டர் செய்பவர்களுக்கு இன்னொன்று. கார்டின் நினைவகம் தனி. 8 ஜிபி கார்டில் அடங்காத காட்சியை 64 ஜிபி ரேம் முழுமையாகக் காப்பாற்றாது. டெக்ஸ்சர்களை ரேமுக்கு மாற்றி சைக்கிள்ஸ் சமாளிக்கும், வேகம் விழும். அப்படிப்பட்டவர்கள் கார்டுக்கு முதலில் செலவழிக்கலாம்.

புது ரேமைப் பொருத்தியதும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ரேமின் வேக அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். இல்லாவிட்டால் பல ரேம்களில் அட்டையில் போட்ட வேகம் வராது. பிறகு ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஜோடியைக் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.