பேசியவர் ஒருவர், பதிவேற்றியவர் வேறொருவர்: ஆய்வேட்டில் காணொளியை மேற்கோள் காட்டும்போது

காவிரிப் படுகையில் வேளாண்மை, நாட்டார் வழக்காறு, கோயிற்கலை, நாகஸ்வரம் என்று எதை ஆய்வுக்கு எடுத்தாலும் இன்று யூடியூப் பக்கம் போகாமல் வேலை முடிவதில்லை. அதில் தவறும் இல்லை. சேடை உழவை எப்போது போட வேண்டும், நாற்றை எத்தனை நாளில் பறிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களில் பலர் புத்தகம் எழுதியவர்கள் இல்லை. வரப்பில் நின்று பேசியிருக்கிறார்கள். ஊர்ப் பையன் ஒருவன் கைப்பேசியில் எடுத்து ஏற்றியிருக்கிறான். சில செய்திகளுக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

கல்லூரி நூலகத்தில், சமர்ப்பிக்கும் முன் ஆய்வேடுகளின் மேற்கோள்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. துணைநூற்பட்டியலில் நூல்கள் ஒழுங்காக நிற்கும்: ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு. கடைசிப் பக்கத்தில் ‘இணையம்’ என்று தலைப்பு. அதன் கீழே வெறும் லிங்குகள். சில இடங்களில் அதுகூட இல்லாமல் ‘யூடியூப், 2021’ என்று மட்டும் இருக்கும். பேராசிரியர் எழுதிய நூலுக்குப் பக்க எண் வரை மரியாதை செய்கிற நாம், காலமெல்லாம் உழுத ஒருவர் சொன்ன சொல்லுக்கு அவர் பெயரைக்கூடப் போடாமல் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடிக்கடி வரும் ஒரு பிழையை முதலில் சொல்கிறேன். இயற்கை வேளாண்மை பற்றிய ஆய்வேடுகளில் ‘நம்மாழ்வார், கோ., 2021’ என்று மேற்கோள் வருகிறது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2021இல் அவர் எங்கே பேசினார்? அவருடைய பழைய பேச்சு ஒன்றை யாரோ 2021இல் தங்கள் சேனலில் ஏற்றியிருக்கிறார்கள். மாணவர் பார்த்தது அந்தப் பதிவேற்ற ஆண்டை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் இந்த ஒரு வரியைப் பிடித்தாலே போதும், மற்ற மேற்கோள்கள் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இங்கே மூன்று விவரங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. பேசியவர் யார், பேசிய காலம் எது? பதிவேற்றியவர் யார், ஏற்றிய நாள் எது? நீங்கள் எடுத்துக்கொண்ட சொற்கள் காணொளியில் எந்த இடத்தில் வருகின்றன? இந்த மூன்றையும் பிரித்து எழுதத் தெரிந்துவிட்டால், எந்த மேற்கோள் முறையைக் கேட்டாலும் சமாளித்துவிடலாம்.

முறைகளுக்குள் வேறுபாடு உண்டு. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பின்படி, காணொளியைப் பதிவேற்றிய ஆளோ சேனலோதான் ஆசிரியர் இடத்தில் வர வேண்டும். அதை உருவாக்கியவர் வேறொருவராக இருந்தாலும் சரி. காரணம் எளிது: தேடிப் போகிறவருக்கு அந்தப் பெயரில்தான் அது கிடைக்கும். பேசியவரின் பெயரை உங்கள் வாக்கியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் மேற்கோள் முறை) ஒன்பதாம் பதிப்பில், பேசியவரும் பதிவேற்றியவரும் வேறு வேறு என்றால் பேசியவரை முன்னால் போட்டு, பதிவேற்றியவரைப் பின்னால் குறிக்கலாம். கீழே வரும் சேனல் பெயரும் தலைப்பும் தேதியும் விளக்கத்துக்காக நான் வைத்தவை:

ஏபிஏ: நம்ம ஊரு வயல். (2021, ஜனவரி 14). மண்ணும் தொழு உரமும் [காணொளி]. யூடியூப். முழு லிங்க்.

எம்எல்ஏ: நம்மாழ்வார், கோ. “மண்ணும் தொழு உரமும்.” யூடியூப், பதிவேற்றம்: நம்ம ஊரு வயல், 14 ஜன. 2021, முழு லிங்க்.

ஏபிஏ முறையில் எழுதுகிறவர் கட்டுரைக்குள் இப்படிச் சொல்லலாம்: ‘மறைந்த நம்மாழ்வார் தம் பேச்சு ஒன்றில் இதை விளக்குகிறார், பேசிய நாள் பதிவில் குறிக்கப்படவில்லை (நம்ம ஊரு வயல், 2021, 12:40).’ பேசிய நாள் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுவது குறை ஆகாது. தெரியாத தேதிக்குப் பதிலாகத் தெரிந்த ஏதோ ஒரு தேதியை ஒட்டிவைப்பதுதான் குறை. உங்கள் பல்கலைக்கழகத்துக்கென்று தனி வழிகாட்டி இருந்தால் அதுதான் முதல் விதி. நெறியாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காணொளிக்குக் கீழே ‘3 ஆண்டுகளுக்கு முன்’ என்று இருப்பதைப் பார்த்து, இந்த ஆண்டிலிருந்து மூன்றைக் கழித்து ஆண்டு போடுகிறவர்கள் நிறைய. ஏற்றி மூன்று ஆண்டு பதினொரு மாதம் ஆகியிருந்தாலும் அங்கே ‘3 ஆண்டுகள்’ என்றுதான் காட்டும். கழித்துப் போட்டால் ஓர் ஆண்டு பிசகிவிடும். கீழே உள்ள விவரப் பகுதியைத் தொட்டு விரித்தால் நாள், மாதம், ஆண்டு முழுவதும் தெரியும். நேரலையாகப் போனது என்றால் அதையும் அங்கேயே சொல்லும்.

இசைத்துறை மாணவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. திருவையாறு தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்ன கோஷ்டி கானம் ஆண்டுதோறும் நடப்பது. தூர்தர்ஷனில் வந்ததை வெட்டி எடுத்துத் தனியார் சேனல்கள் ஏற்றுகின்றன. எந்த ஆண்டின் கோஷ்டி என்று தலைப்பில் இருக்காது, இருந்தாலும் தவறாக இருக்கும். யார் வாசித்தார், யார் பாடினார் என்று ஆண்டை வைத்து ஒப்பிடும் ஆய்வுக்கு இது அடித்தளத்தையே ஆட்டிவிடும். ஒளிபரப்பியவர்களின் சொந்தப் பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காதபோது, ஆண்டை எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது இடம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துச் சுவடி ஒன்றை எடுத்தாண்டால் சுவடி எண்ணும் ஏட்டு எண்ணும் தருகிறோம். ஒன்றே கால் மணி நேரப் பேச்சுக்கு லிங்க் மட்டும் கொடுத்துவிட்டு, தேர்வாளரை முழுவதும் கேட்கச் சொல்வது என்ன நியாயம்? காணொளிக்குப் பக்க எண் என்பது நிமிடமும் நொடியும்தான். 12:40 என்று எழுதினால் போதும். கேட்டுச் சரிபார்க்கும்போது உங்கள் வசதிக்குப் பகிர்வுப் பொத்தானில் தொடக்க நேரத்தைத் தேர்வு செய்தால் லிங்கின் கடைசியில் நொடிக் கணக்கு சேரும். 12:40 என்றால் 760. பட்டியலில் வைக்கும் லிங்கில் அதுவும் வேண்டாம், பகிரும்போது கிடைக்கும் குறுகிய லிங்கில் (youtu.be) கேள்விக்குறிக்குப் பின் ஒட்டிக்கொண்டு வரும் வாலும் வேண்டாம். காணொளிக்கு உரிய 11 எழுத்து அடையாளம் மட்டும் பிசகாமல் இருக்க வேண்டும். தலைப்பை மாற்றினாலும் சேனல் பெயரை மாற்றினாலும் அந்த அடையாளம் மாறாது.

ஆனால் ஒன்று. யூடியூபில் ஏற்றியவர், லிங்க் மாறாமலேயே நடுவில் ஒரு துண்டை வெட்டிவிட முடியும். வெட்டினால் அதற்குப் பின் உள்ள நேரக் குறிப்புகள் எல்லாம் நகர்ந்துவிடும். அதனால் நீங்கள் பார்த்தபோது காணொளியின் மொத்த நீளம் எவ்வளவு, பார்த்த நாள் எது என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேரம் ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அதுதான் துணை. பார்த்த நாளைப் பட்டியலில் போடச் சொல்லி ஏபிஏ யூடியூப் காணொளிக்குக் கேட்பதில்லை, எம்எல்ஏயில் விருப்பம். உங்கள் வழிகாட்டி தடுக்காத இடத்தில் போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆய்வேடு நாளைக்கு ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறி யார் கைக்கும் போகப்போகிறது. அன்றைக்கு அந்தக் காணொளி இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேற்கோள் குறிக்குள் என்ன எழுதுவது என்பதில் இங்கே பலரும் கவனம் வைப்பதில்லை. ஒரு விவசாயி மாப்பிள்ளைச் சம்பா பற்றிப் பேசும்போது ‘மாவுக்கு நாலு மூட்டை கண்டா போதும்ங்க’ என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் அது ‘ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை கிடைத்தால் போதுமானது’ என்று மேற்கோள் குறிக்குள் போய் உட்காரும். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கணக்கு ஏறக்குறைய சரிதான்: ஒரு மா சுமார் 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். அந்த விளக்கத்தைக் குறிக்கு வெளியே எழுதுங்கள். அதையே கிலோவாக மாற்றத் துணிகிறவர்கள், அவர் சொன்ன மூட்டை 60 கிலோவா 75 கிலோவா என்று காணொளியில் இருக்கிறதா பார்த்தீர்களா? இல்லையென்றால் மாற்றாதீர்கள். நாத்தங்கால் என்று அவர் சொன்னால் நாத்தங்கால் என்றே எழுதுங்கள். பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலிகளை நம்பி விட்டுவிட்டால், வட்டாரச் சொற்களில்தான் அவை முதலில் சறுக்கும். நாமே காதால் கேட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒப்பாரிப் பாடல்களைச் சேகரிக்கும் மாணவர்களிடம் தனியாகச் சொல்வது உண்டு. சாவு வீட்டில் பாடிய ஒப்பாரியை உறவினர் யாராவது ஏற்றியிருப்பார்கள். பாடிய அம்மாவுக்கு அது இணையத்தில் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். கருத்துப் பகுதியில் யாரோ எழுதிய பெயரை எடுத்து அவர் பெயராகப் போடக் கூடாது. ‘பாடியவர் பெயர் பதிவில் இல்லை’ என்று எழுதுங்கள். முடிந்தால் ஊரைத் தேடிப் போய் அவரிடமே கேளுங்கள், பக்கத்து வட்டம்தானே. ஒப்புதல் தந்தால் பெயரோடு போடலாம், உங்கள் ஆய்வுக்கு நேர்காணலும் கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த காணொளி மேற்கோளுக்கு ஆகாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. வேரோடு சாய்ந்த தென்னைகளின் காட்சி என்று கைக்குக் கை வந்த ஒன்றை ஆதாரமாக வைத்தால், அது வேறு புயலின் காட்சியாகவும் இருக்கலாம். ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுங்கள். 2018க்கு முன்பே அந்தப் படம் இணையத்தில் இருந்தால் கதை முடிந்தது. மூலப் பதிவு கிடைத்தால் அதை மேற்கோள் காட்டுங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.

ஆய்வேடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: சதவீதம் குறைவாக வந்தால் ஆய்வேடு சுத்தம் என்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருள் எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிடுகிறது, காணொளியைக் கேட்பதில்லை. அதனால் ஒருவருடைய பேச்சை அப்படியே இறக்கி எழுதினாலும், ஆங்கிலக் காணொளி ஒன்றைக் கேட்டுத் தமிழில் எழுதினாலும் அறிக்கை சுத்தமாக வரும். ஆய்வேடு சுத்தமாகிவிடாது. அந்த விதிகள் பிறருடைய எழுத்தை மட்டும் சொல்லவில்லை. பிறருடைய கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதும் கருத்துத் திருட்டுத்தான் என்கின்றன. சதவீதத்தைக் காட்டித் தப்பிக்க நினைக்கும் மாணவரிடம் நான் கேட்பது, அந்த விவசாயியே உங்கள் ஆய்வேட்டைப் படித்தால் தன் பேச்சு என்று கண்டுகொள்ள மாட்டாரா என்பதுதான்.

மேற்கோள் பட்டியலைத் தயாரிக்க ஜோடெரோ போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சேனல் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களில் பிரித்து இட்டால் ‘வயல் பேசுது’ என்ற சேனல் ‘பேசுது, வ.’ என்று அச்சாகும். ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றி முழுப் பெயரையும் அதில் போடுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதி உண்டு: முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பெயரின் தலைப்பெழுத்து, அது குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டால் ஆளையே தேட முடியாது.

காணொளி அழிந்துபோவதற்கு எதிராக நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் செய்ய வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்தால் தலைப்பு, விவரம், தேதி போன்றவை நிலைக்க வாய்ப்புண்டு. காட்சியும் ஒலியும் அதில் சேரும் என்று நம்பிவிட வேண்டாம். எடுத்தாண்ட பகுதியை நேரக் குறிப்போடு எழுத்தாக்கிப் பின்னிணைப்பில் வையுங்கள். முதன்மை ஆதாரமே அந்தக் காணொளி என்றால் சேனல் நடத்துபவருக்கு எழுதி, ஆய்வுக்காக ஒரு பிரதி வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கேளுங்கள். தம் ஊர்க்காரர் பேச்சு ஆய்வேட்டில் வருகிறது என்றால் தயங்காமல் கொடுப்பவர்கள் பலர்.

சமர்ப்பிப்பதற்கு முந்தின வாரம் பட்டியலில் உள்ள எல்லா லிங்குகளையும் உங்கள் கணக்கு இல்லாத வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். தனிப்பட்டது என்று வைக்கப்பட்ட காணொளி, பார்க்க அனுமதி பெற்ற உங்கள் கணக்கில் மட்டும் திறக்கும், தேர்வாளரிடம் திறக்காது. திறக்காதவற்றுக்கு எதிரே ‘இப்போது கிடைக்கவில்லை’ என்று குறித்து, கடைசியாகப் பார்த்த நாளைப் போட்டு, பின்னிணைப்பில் உள்ள எழுத்தாக்கத்தின் பக்க எண்ணைத் தாருங்கள்.