ஒரே குடல், நாட்டுக்கு ஒரு விதி ஏன்?

பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை அமெரிக்காவில் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 50, நெதர்லாந்தில் 55. ஜப்பானில் 40 வயதிலேயே, அதுவும் ஆண்டுதோறும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான விதிகள்தான் இவை எல்லாம். இவற்றில் ஒன்று சரி, மற்றவை தவறு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அறிவியல் ஒன்றுதான்.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. பல பாலிப்கள் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. அடினோமா என்ற வகையில் சில மட்டும் மெல்ல மெல்ல மாறிப் புற்றாகின்றன. அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். மருத்துவத்துக்குக் கிடைக்கும் அவகாசம் இதுதான். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பாலிப்பை அகற்றிவிட்டால் நோய் வராமலே தடுக்கவும் செய்யலாம்.

பல நாடுகளில் முதல் படி 'ஃபிட்' என்ற மலப் பரிசோதனை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் ஒரு சிறு குழாய் வரும். மூடியோடு ஒட்டிய குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். அதை மலத்தின் மேல் இழுத்து, பள்ளங்கள் நிரம்பியதும் குழாய்க்குள் செருகி மூடித் திருப்பி அனுப்பினால் போதும். மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆய்வகம் அதைச் சோதிக்கும். முந்தைய வகைப் பரிசோதனையில் சாப்பிட்ட இறைச்சியின் ரத்தம்கூடக் குழப்பம் செய்யும். இதில் அந்தச் சிக்கல் இல்லை. இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடுவதால், இதில் சிக்குவது பெரும்பாலும் பெருங்குடல் ரத்தம்தான்.

சரி, எவ்வளவு ரத்தம் இருந்தால் 'பாசிட்டிவ்'? விதிகள் பிரிவது இங்கேதான். ஒரு கிராம் மலத்துக்கு 80 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்று ஸ்காட்லாந்து 2017இல் வரம்பு வைத்தது. இங்கிலாந்து 2019இல் 120 என்று தொடங்கியது. நெதர்லாந்து 2014 தொடக்கத்தில் 15 என்று வைத்துப் பார்த்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோருக்குப் பாசிட்டிவ் வந்தது. பாசிட்டிவ் வந்தால் அடுத்த படி கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பது. அத்தனை பேருக்கும் அதைச் செய்ய மருத்துவமனைகளால் முடியவில்லை. அந்த ஆண்டின் நடுவிலேயே வரம்பை 47 ஆக்கினார்கள். சல்லடைக் கண் சிறிதானால் அதிகம் பிடிபடும், ஆனால் பிடிபட்டதையெல்லாம் பார்க்க ஆள் வேண்டுமே. இதை வெளிப்படையாகச் செய்தது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன். பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டு ஒருவரை மாதக்கணக்கில் காக்க வைப்பது கொடுமை.

இடைவெளிக்கும் காரணம் உண்டு. பாலிப் எப்போதும் ரத்தம் கசியாது. இன்று தப்பியது அடுத்த முறை சிக்கட்டும் என்றுதான் ஃபிட்டை ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். கொலோனோஸ்கோப்பி குடலை நேரடியாகப் பார்க்கிறது. எதுவும் இல்லையென்றால் அடுத்தது பத்து ஆண்டு கழித்துத்தான். அமெரிக்காவில் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கனடாவின் 2016 வழிகாட்டுதலோ கொலோனோஸ்கோப்பியை முதல் பரிசோதனையாகப் பரிந்துரைக்கவில்லை.

50 வயதுக்குக் கீழே இந்த நோய் கூடிவருவதால் அமெரிக்கா 2021இல் தொடக்க வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் 45 வயதானவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேல் வரம்பு பல இடங்களில் 75ஐ ஒட்டியே நிற்கிறது. பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஆனால் கொலோனோஸ்கோப்பியின்போது குடல் துளைபடுவது போன்ற ஆபத்துகள் வயதோடு கூடும்.

இந்த விதிகள் யாருக்குப் பொருந்தாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத எடை இழப்பு, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் வயதைக் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, இதில் எது முந்தியதோ அப்போதே தொடங்கச் சொல்கின்றன பல வழிகாட்டுதல்கள்.

அப்புறம், ஃபிட் பாசிட்டிவ் வந்தவர்கள் 'இன்னொரு தடவை செய்து பார்ப்போம்' என்று இருந்துவிடக் கூடாது. இரண்டாவது முறை நெகட்டிவ் வந்தால், அன்று பாலிப் கசியவில்லை என்றுதான் பொருளாக இருக்கலாம். அடுத்துச் செய்ய வேண்டியது கொலோனோஸ்கோப்பி.